6,000 ரூபாயில் ஆயிரம் பிரவுச்சர்: பத்தமடைப் பாய்க்காக ஒரு மடிப்புத்தாள் உருவான விதம்

கையில் இருந்த தொகை 6,000 ரூபாய். வேண்டியது ஆயிரம் பிரதிகள், இரு பக்கமும் வண்ணத்தில், மூன்றாக மடித்து. சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி நடக்கவிருந்தது. அதற்கு முந்தின வாரமே பிரதிகள் கைக்கு வந்தாக வேண்டும். கேட்டவர்கள் பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த ஒரு சுய உதவிக் குழுவினர். அவர்கள் முதலில் போய்ப் பார்த்த வடிவமைப்பாளர் தம் வேலைக்கு மட்டும் 4,500 ரூபாய் சொல்லியிருந்தார். அவருடைய உழைப்புக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் மீதி 1,500 ரூபாயில் ஆயிரம் பிரதி அச்சடித்துத் தர யாராலும் முடியாது.

நான் வடிவமைப்பாளன் அல்லன். திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வாசகர் வட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு அழைப்பிதழ் போட்டுக் கொடுப்பதால், கம்ப்யூட்டரில் 'எல்லாம் செய்கிறவர்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. குழுவின் தலைவியிடம் எங்கள் வீட்டில் பல வருடங்களாகப் பாய் வாங்குகிறோம். அக்கா கேட்டபோது, "இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது, நான் செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை என்பது அடுத்த ஆறு வாரத்தில் தெரிந்தது. இந்தக் குறிப்பு அந்த ஆறு வாரத்தின் கணக்கு.

முதல் இரண்டு மாலைகள்

பெரும்பாலோர் தொடங்கும் இடத்திலேயே நானும் தொடங்கினேன். உலாவியிலேயே இயங்கும் ஒரு வடிவமைப்புத் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து, மூன்று மடிப்பு பிரவுச்சர் வார்ப்புருக்களைப் புரட்டினேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. இளம்பச்சையும் வெள்ளையுமாக ஒன்றைத் தேர்ந்து, அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ் தளங்களில் படம் தேடினேன். பாய் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் யோகா விரிப்பு வந்தது, கடற்கரை விரிப்பு வந்தது, ஜப்பானிய வீட்டுத் தரைவிரிப்பு வந்தது. கோரைப்பாய் மட்டும் வரவில்லை. ஏறக்குறைய அதே நிறத்தில் இருந்த ஒரு படத்தை அட்டையில் வைத்தேன். இரண்டே மாலையில் வேலை முடிந்தது. திரையில் பார்க்க மிக அழகாகவே இருந்தது.

அக்கா கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "இது யார் வீட்டுப் பாய், தம்பி?"

அழகுக்காக வைத்தேன் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். "இதைக் கேட்டு ஆள் வந்தால் நான் எதை எடுத்துக் கொடுப்பேன்?" என்றார். அதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை. அந்தத் தளங்களின் உரிமம் படத்தைப் பணமின்றிப் பயன்படுத்த விடுகிறது, எடுத்தவரின் பெயரைப் போட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆனால் படத்தில் இருக்கும் பொருள் நம்முடையது என்று எந்த உரிமமும் சொல்லாது. காப்பிக்கடைக்கோ பயண நிறுவனத்துக்கோ இது பொருட்டில்லாமல் போகலாம். கைவினைப் பொருள் விற்பவருக்கு இரவல் படம் பச்சைப் பொய்.

இன்னொரு குறையும் அந்த இரண்டு மாலையிலேயே தெரிந்துவிட்டது. வார்ப்புருக்களில் தலைப்புக்கு விட்டிருக்கும் இடம் மூன்று, நான்கு குட்டி ஆங்கிலச் சொற்களுக்கானது. 'கல்யாணப் பாய்களில் மணமக்கள் பெயர் நெய்து தரப்படும்' என்று அதில் எழுதினால் வரி மூன்றாகி, கீழே இருக்கும் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எழுத்தைச் சுருக்கினால் படிக்க முடியவில்லை. தமிழ் வேட்டியை ஆங்கிலக் கால்சட்டைக்குள் திணிப்பது போன்ற வேலை அது.

அச்சகத்தில் கேட்ட முதல் கேள்வி

விலை விசாரிக்கத் திருநெல்வேலியில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். முப்பது வருடமாக நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கும் அண்ணாச்சி. நான் நீட்டிய பென்டிரைவை அவர் வாங்கவே இல்லை. "எத்தனை பிரதி, என்ன சைஸ்?" என்றார்.

"ஆயிரம், ஏ4."

"ஏ4 எதற்கு?"

பதில் இல்லை. வார்ப்புரு ஏ4 அளவில் இருந்தது, அவ்வளவுதான்.

அவர் ஒரு முழுத்தாளை மேசைமேல் விரித்து அளவுகோலை வைத்தார். 18க்கு 23 அங்குலம். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது 11.69 அங்குலம். நீளவாக்கில் இரண்டு வைத்தால் 23.38 அங்குலம். தாளோ 23. ஒரு சென்டிமீட்டர் போதவில்லை. அந்த ஒரு சென்டிமீட்டரால் ஒரு தாளில் நான்கு பிரதிகள் விழ வேண்டிய இடத்தில் இரண்டுதான் விழும். ஆயிரம் பிரதிக்கு 250 தாளில் முடிய வேண்டிய வேலை 500 தாள் கேட்கும். இயந்திரமும் இருமடங்கு ஓட வேண்டும். எட்டரைக்குப் பதினொன்று என்ற அளவுக்கு, நம் அச்சகங்களில் கால் டெமி என்று சொல்வதற்கு, இறங்கி வந்தால் நான்கும் பொருந்தும். ஒவ்வொரு பிரதியைச் சுற்றிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல் விளிம்பு விட்ட பிறகும் இரு திசையிலும் அரை அங்குலம் மிஞ்சுகிறது. இயந்திரம் தாளைக் கவ்விப் பிடிக்க அது போதும்.

அண்ணாச்சி அதோடு நிற்கவில்லை. நான்கு இடங்களில் இரண்டில் பிரவுச்சரின் வெளிப்பக்கம், இரண்டில் உள்பக்கம் என்று பிளேட் (அச்சுத் தகடு) போட்டுவிட்டால், ஒரு பக்கம் ஓடிய தாளைத் திருப்பி அதே பிளேட்டில் மறுபக்கத்தையும் ஓட்டிவிடலாம். வெட்டினால் நான்கு முழுப் பிரதிகள். மைக்கு ஒன்று வீதம், பக்கத்துக்கு நான்காக எட்டு பிளேட் செலவாகும் இடத்தில் நான்கு போதும்.

ஆறு வாரத்தில் மிச்சமான பணத்தின் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்தில் மிச்சமானது. எந்த இலவசத் தளமும் எனக்கு அதைச் சொல்லியிருக்காது. ஏனென்றால் அவற்றுக்கு எங்கள் ஊர் அச்சகத்தில் என்ன தாள் கிடக்கிறது என்று தெரியாது. நான் இரண்டு மாலை செலவழித்துச் செய்த ஏ4 வடிவம் குப்பைக்குப் போனது. இலவசக் கணக்கில் அளவை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாததால் மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. அந்த வடிவம் போனதில் எனக்கு வருத்தமில்லை. வரிசை தப்பிவிட்டதே என்பதில்தான் எரிச்சல். அச்சகத்துக்கு முதல் நாளே போயிருக்க வேண்டும்.

புறப்படும் முன் அவர் ஒரு பழைய நோட்டீஸை எடுத்து மூன்றாக மடித்து, ஆறு முகத்திலும் பேனாவால் எண் எழுதிக் கொடுத்தார். டம்மி. உள்ளே மடிந்து போகும் இதழ் மற்ற இரண்டைவிட 3 மில்லிமீட்டர் குறுகலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது முட்டிக்கொண்டு வளையும் என்றார். 279 மில்லிமீட்டர் அகலத்தை 94, 94, 91 என்று பிரித்தோம். குறுகல் இதழ் உள்பக்கத்தில் வலது ஓரத்தில் வரும். தாளைத் திருப்பினால் அதுவே வெளிப்பக்கத்தில் இடது ஓரம். இதைக் கவனிக்காமல் இரு பக்கத்துக்கும் ஒரே கோடு போடுகிறவர்கள் பலர். டம்மியை என் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஆறு வாரமும் ஒட்டி வைத்திருந்தேன்.

என்ன எழுதுவது

அக்காவும் இன்னும் மூன்று பேரும் சொல்லச் சொல்ல எழுதியது எழுநூறு சொற்களுக்கு மேல் வந்தது. தாமிரபரணிக் கரையில் கோரை அறுப்பது, காய வைப்பது, ஆற்று நீரில் ஊறப்போட்டு எடுப்பது, மெல்லிசாகக் கீறுவது, சாயம் ஏற்றுவது, பருத்திப் பாவு, பட்டுப் பாவு, எண்ணிக்கை கூடக் கூட நெசவு துணிபோல் ஆவது என்று எல்லாமே நல்ல விஷயங்கள். ஆனால் கால் டெமி தாளில், படங்கள் போக, இருநூறு சொற்களுக்கு மேல் ஏற்றினால் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று சுற்று வெட்டி 190 சொற்களில் நிறுத்தினோம். வெட்டும்போது ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டோம்: கண்காட்சியில் பாயைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள்? தண்ணீர் பட்டால் என்ன ஆகும், எப்படிச் சுத்தம் செய்வது, சுருட்டி வைப்பதா மடித்து வைப்பதா, பெயர் நெய்யக் கொடுத்தால் எத்தனை நாள். இந்த நான்குக்கும் பதில் உள்பக்கத்தில் முதல் இதழில் வந்தது. ஆற்றுக்கும் கோரைக்கும் நடு இதழ்.

ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. 1953இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மூத்தவர்கள் அதை அட்டையில் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்றார்கள். அந்தப் பாயை நெய்தது இந்தக் குழு அன்று, எழுபது வருடத்துக்கு முந்தைய பெருமையை வைத்து இன்றைய பாயை விற்க வேண்டாம் என்றேன் நான். கடைசியில் அந்த வரி அட்டையில் ஏறவில்லை. அந்த இடத்தில் கல்யாணப் பாய் வந்தது, விற்பது அதுதானே.

புவிசார் குறியீட்டின் சின்னம் அடுத்தது. பத்தமடைப் பாய் அந்தக் குறியீடு பெற்ற பொருள். சின்னத்தின் படம் இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கிறது, பதிவிறக்கி ஒட்ட அரை நிமிடம் போதும். ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயர் பதிந்துகொண்டவர்களுக்குத்தான் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை. குழுவின் பெயர் பதிவாகவில்லை. பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, விண்ணப்பம் போடலாம். கண்காட்சிக்குள் முடிகிற காரியம் அன்று. சின்னம் இல்லாமலே போனோம்.

விலைப்பட்டியலையும் அச்சிடவில்லை. கோரையும் நூலும் விலை ஏறினால் ஆயிரம் பிரதியும் வீணாகும். அதற்குப் பதிலாகப் பின்பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டு, 180 ரூபாய்க்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டோம். கடை எண்ணும் கண்காட்சித் தேதியும் அதில் இருந்தன. அடுத்த கண்காட்சிக்கு வேறு ஸ்டாம்ப் போதும்.

படம் எடுத்த காலை

புகைப்படத்தில்தான் அதிக நேரம் போனது, அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவும் இருக்கிறது. எங்களிடம் இருந்தது 12 மெகாபிக்சல் கைப்பேசி ஒன்று. அதில் ஒரு படம் சுமார் 4,000க்கு 3,000 புள்ளிகள். வண்ண அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொது வழக்கு. 94 மில்லிமீட்டர் இதழை நிரப்ப 1,110 புள்ளி போதும், உள்பக்கத்தின் மூன்று இதழையும் நிரப்ப 3,300. ஆக கைப்பேசியே தாராளம்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. முதல் தொகுதிப் படங்களை அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, நெருக்கித்தான் அனுப்பும். கோரையின் இழைகள் கஞ்சிபோல் குழம்பிக் கிடந்தன. அதே படங்களை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொன்னேன். எடுத்தது எடுத்தபடி வந்தன.

வெளிச்சத்துக்கு ஒரு திண்ணை கிடைத்தது. காலை எட்டு மணி அளவில் வெயில் சாய்வாக வரும்போது பாயைத் தரையில் விரித்து, வெயில் பக்கவாட்டில் படும்படி வைத்தால் ஒவ்வொரு இழைக்கும் ஒரு மெல்லிய நிழல் விழுகிறது. நெசவு கண்ணுக்குத் தெரிவது அந்த நிழலால்தான். உச்சி வெயிலில் எடுத்த படங்களில் பாய் வெறும் நிறத் தாளாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மக்கோல் அட்டையைப் பிடித்து நிழலைக் கொஞ்சம் இளக்கினோம். முழுப் பாயையும் எடுக்க, திண்ணைக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறி நேர்மேலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு. பிறகு கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த நிரலில் அந்தத் துண்டை வெள்ளையாகக் காட்டச் சொன்னால் மற்ற நிறங்களும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். கரும்பச்சையும் அரக்குச் சிவப்பும் அப்படித்தான் மீண்டன.

நான் எதிர்பாராத வில்லங்கம் ஒன்றும் இருந்தது. மெல்லிய பாயின் முழுப் படத்தைச் சிறிதாக்கியதும் அதன்மேல் இல்லாத அலைக்கோடுகள் தோன்றின. திரையை நகர்த்தினால் கோடுகளும் நகர்ந்தன. நெருக்கமான நெசவின் வரிசையும் படத்தின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் பொய்க்கோலம் அது. அச்சில் வண்ணங்கள் நுண்புள்ளிகளாகத்தான் விழுகின்றன என்பதால் அங்கேயும் இதே மோதல் வரலாம். துணி, பாய், கொசுவலை எதைப் படம் பிடித்தாலும் இந்த ஆபத்து உண்டு. இரண்டு வழிகளில் சமாளித்தோம். முழுப் பாய்ப் படத்தைச் சிறிதாக்குவதற்கு முன் மிக மெல்லிய மங்கல் ஏற்றினேன். இழை தெரியாது, கோலமும் வராது, நிறமும் கரையும் தெரிந்தால் போதும். இழை தெரிய வேண்டிய இடத்துக்கு மிக அருகில் போய், உள்ளங்கை அகலமே தெரியும்படி எடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு கோரை இழை அச்சில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வந்ததால் மோதல் இல்லை.

நெய்கிறவர்களில் இருவர் முகம் வர வேண்டாம் என்றார்கள். எல்லாப் படமும் கைகளோடு நின்றது. அட்டைப்படத்தில் தறியும் இரண்டு கைகளும்தான்.

எழுத்து

வார்ப்புருத் தளத்தைக் கைவிட்டு ஸ்கிரைபஸுக்கு மாறினேன். கட்டணமில்லாத, திறந்த மூல நிரல். பக்கங்களை அடுக்கி அச்சுக்கு ஏற்ற பிடிஎஃப் எடுப்பதே அதன் தொழில். பார்க்க அழகான நிரல் அன்று. பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் அண்ணாச்சி கேட்டவை எல்லாம் அதில் இருந்தன: மில்லிமீட்டரில் கோடு, வெட்டு விளிம்பு, நான்கு மை வண்ணக் கணக்கு.

தமிழுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் எழுத்துக்கள் ஒழுங்காகச் சேராது. 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் தப்பான இடத்தில் போய் நிற்கும். இந்திய மொழி எழுத்துச் சேர்க்கையைச் சரியாகச் செய்யும் நிலையான பதிப்பாக 1.6 வந்தது 2024இன் தொடக்கத்தில். பழைய பதிப்பைப் பயன்படுத்திவிட்டு, இந்த நிரலில் தமிழ் வராது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த நிரலானாலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது 'கொடுத்தோம், நெய்கிறோம், ஸ்ரீ' என்ற மூன்றைத்தான். மூன்றும் சரியாக வந்தால் மற்றவை வரும்.

எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸ். அதில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் வணிக அச்சுக்கும் தடையில்லை. பவனம், கவிவனார், காடமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று ஒவ்வொன்றாக ஒரே பத்தியை அடித்து வீட்டுப் பிரிண்டரில் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். குழுவின் வயதான பெண் ஒருவர் கண்ணாடி இல்லாமல் படித்தது முக்தா மலரை. அதையே உரைக்கான எழுத்தாக வைத்தேன், 10 பாயிண்ட் அளவு, வரி இடைவெளி 15. ஆங்கில உரைக்குப் போதும் என்கிற இடைவெளி தமிழுக்குப் போதாது; மேல்வரியின் 'கு', 'கூ' கால்களும் கீழ்வரியின் 'கி', 'கீ' கொக்கிகளும் உரசும். இரு ஓரமும் நேராக வரும்படி அடுக்கவில்லை. நம் சொற்களின் நீளத்துக்குக் குறுகிய இதழில் அப்படிச் செய்தால் வரிகளுக்குள் பொக்கைவாய்போல ஓட்டை விழும். இடது ஓரம் மட்டும் நேர்.

அச்சகத்தின் கணினியில் இன்னும் யுனிகோடுக்கு முந்தைய பழைய குறியீட்டு எழுத்துருக்கள்தான். யுனிகோடில் தட்டிய வாக்கியத்தை அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும்; குறியீடு மாற்றும் நிரல் ஒன்றில் ஓட்டியெடுத்தால் நான்கு இடத்தில் 'ஸ்ரீ' காணாமல் போகும். அதனால் எழுத்துரு உள்ளேயே பொதிந்த பிடிஎஃப் கொடுத்தேன். அச்சகத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பது இதன் விலை. பிழை திருத்தும் பொறுப்பு முழுக்க நம் தலையில். ஐந்து பேர் படித்தும் தப்பிய ஒரு 'ஒற்று' இன்றும் நடு இதழில் இருக்கிறது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

கறுப்பு எழுத்து வெறும் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. திரைக்கான வண்ணத்தில் செய்த கறுப்பை அச்சுக்கு மாற்றினால் அது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினாலும் சிறு எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும். ஸ்கிரைபஸில் நூறு சதவீதக் கறுப்பு, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று ஒரு நிறத்தை வரையறுத்து உரை முழுவதற்கும் அதையே கொடுத்தேன். ஒரே விதிவிலக்கு அட்டையில்: அரக்குச் சிவப்புப் பட்டைமேல் வெள்ளையாக, பெரிதாக, 'பத்தமடைப் பாய்'.

க்யூஆர் கட்டம்

தொலைபேசி எண்ணைத் தட்டிச் சிரமப்படாமல் வாட்ஸ்அப் திறக்க ஒரு க்யூஆர் கட்டம் வைத்தோம். இலவசமாகச் செய்து தரும் தளம் ஒன்றில் எடுத்து, வீட்டு பிரிண்ட்டில் சோதித்தேன், நன்றாக வேலை செய்தது. இரண்டு வாரம் கழித்துச் சும்மா ஒருமுறை கைப்பேசியைக் காட்டியபோது, சோதனைக் காலம் முடிந்தது, பணம் கட்டவும் என்று பக்கம் வந்தது. அவர்கள் கொடுத்த கட்டத்தில் இருந்தது எங்கள் இணைப்பே அன்று, தங்கள் தளத்தின் முகவரி; அங்கே போய்த்தான் எங்களிடம் திரும்பும். அச்சான பிறகு தெரிந்திருந்தால் ஆயிரம் பிரதியிலும் ஒரு செத்த கட்டம் உட்கார்ந்திருக்கும். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை நிரலில் க்யூஆர் கட்டம் வரையும் வசதி உள்ளேயே இருக்கிறது. இணைப்பு நேரடியாகக் கட்டத்துக்குள் எழுதப்படுவதால் அது காலாவதி ஆகாது. இரண்டேகால் சென்டிமீட்டர் அளவில், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, கறுப்பு மையில் வைத்தோம்.

அச்சும் கணக்கும்

பிளேட் போடும் முன் ஒரு வண்ணப் பிரதி எடுத்து, வெட்டி, மடித்துப் பார்த்தோம். பச்சை மங்கியிருந்தது. திரையில் மின்னும் பச்சை மையில் வராது என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். பின்னணியை வெளிர் கோரை நிறத்துக்கு மாற்றியதும் பாயின் பச்சை எடுப்பாகத் தெரிந்தது.

130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரில், வீணாகும் தாளையும் சேர்த்து 300 தாள். தாளுக்கு 1,040, நான்கு பிளேட்டுக்கு 1,200, அச்சு ஓட்டத்துக்கு 1,800, வெட்டுக்கு 150. வண்ணச் சோதனைப் பிரதிகள் 160, பஸ் கட்டணம் 210, தெர்மக்கோல் 60, ரப்பர் ஸ்டாம்ப் 180. ஆக 4,800 ரூபாய். மடிப்புக்கு அச்சகம் தனியாகக் கேட்ட கூலி மிச்சம். ஆயிரம் தாளையும் குழுவினரே ஒரு பிற்பகலில் மரக்கோலை வைத்து அழுத்தி மடித்தார்கள். பாய் மடித்துப் பழகிய கைகள். ஒரு தாள்கூடக் கோணவில்லை.

நிரல், எழுத்துரு, க்யூஆர் மூன்றுக்கும் செலவு பூஜ்யம். என் நேரம் 41 மணி. கணக்கு எழுதுகிறவன் அதை மறைக்கக் கூடாது. அதற்குக் கூலி போட்டால், முதலில் 4,500 கேட்ட வடிவமைப்பாளர்தான் மலிவு. நான் குப்பையில் போட்ட முதல் வடிவமும், ஸ்கிரைபஸ் பழகிய வாரமும் அந்த 41 மணிக்குள் அடக்கம். இரண்டாவது முறை செய்தால் பதினைந்து மணியில் முடியும்.

கண்காட்சியின் பத்து நாளில் எழுநூறு பிரதிகள் போயின. கல்யாணப் பாய்க்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் எத்தனை பேர் பிரவுச்சரால் வந்தவர்கள், எத்தனை பேர் பாயைக் கையால் தடவிப் பார்த்ததால் வந்தவர்கள் என்று பிரிக்க வழியில்லை. பிரித்துச் சொன்னால் அது கதை. க்யூஆர் வழியாக வந்தவர்கள் மட்டும் தெரியும், ஒன்பது பேர். அவர்களில் மூவர் கண்காட்சி முடிந்து ஒரு மாதம் கழித்து எழுதினார்கள்.

வெளிநாட்டினர் சிலர் ஆங்கிலத்தில் கேட்டார்களாம். அக்கா திரும்பி வந்ததும் அதே பிரவுச்சரை ஆங்கிலத்தில் 500 பிரதி போட முடியுமா என்றார். மறுபடி நான்கு பிளேட் என்று நினைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அண்ணாச்சி பழைய பிளேட்டுகளைப் பசை பூசிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். "உரை முழுக்கக் கறுப்பில்தானே இருக்கிறது? கறுப்பு பிளேட் ஒன்றை மட்டும் மாற்று. மற்ற மூன்றும் அப்படியே ஓடும்" என்றார். எழுத்து வெறும் கறுப்பில் இருக்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததில் இதுவும் அடக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. 900 ரூபாய் மிச்சம்.

அட்டைத் தலைப்புதான் இடறியது. சிவப்புப் பட்டையில் வெள்ளையாக இருக்கும் எழுத்து எந்த மையிலும் இல்லை; மற்ற பிளேட்டுகளில் அந்த வடிவத்துக்கு விட்ட ஓட்டை அது. அதை ஆங்கிலமாக்க எல்லா பிளேட்டையும் மாற்ற வேண்டும். அக்காவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன்.

"உள்ளே ஆங்கிலம் வரும்தானே?" என்றார்.

"வரும், அக்கா."

"அப்படியென்றால் மேலே ஊர்ப் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், தம்பி. பாயில் நெய்வதும் அப்படித்தானே."

பட்டைக்குக் கீழே, அட்டைப்படத்தின் வெளிர் பகுதியில், கறுப்பு மையில் சிறிதாக ஆங்கிலப் பெயரைச் சேர்த்து அன்று மாலையே பிடிஎஃப் அனுப்பிவிட்டேன்.